கொதித்த பிறகு எங்கே போகிறது சூடு?

உலைத் தண்ணீர் தளதளவென்று கொதித்துவிட்டால், அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் சூடு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது (மூடி போடாத பாத்திரத்தில், கடல் மட்டத்தில்). அப்புறம் நீருக்குள் போகிற வெப்பமெல்லாம் அதை ஆவியாக்கவே செலவாகிறது. இந்த உள்ளுறை வெப்பத்தை 1760-களில் கிளாஸ்கோவில் கண்டறிந்தவர் ஜோசப் பிளாக். ஐஸ் உருகும்போதும் இதே கதைதான். சூடு 0 டிகிரியிலேயே நிற்கும். ஆனால் ஆவியாவதற்குப் பசி அதிகம். ஒரு கிராம் நீரை 0-விலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவரத் தேவைப்படுவதைப் போல் ஐந்து மடங்குக்கும் மேலான வெப்பம் அதை ஆவியாக்க வேண்டும். அது வீணாவதில்லை. இட்லித் தட்டில், குளிர்ந்த மாவில் பட்டு ஆவி மறுபடி நீராகும்போது அத்தனை வெப்பத்தையும் அங்கேயே இறக்கிவிடுகிறது, மாவு வேகிறது. மூடியை அவசரமாகத் திறந்தால், அதே வெப்பம் நம் கையில் இறங்கும்.