சொல்லாமல் விற்பது அறமாகுமா?

பொய்யுரைத்தல் தீது என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால், உண்மையை உரையாதிருத்தலும் பொய்யோடு ஒத்த குற்றமா என்று வினவினால், ஒருமித்த விடை கிடைப்பதில்லை. வணிகத்தில் நாள்தோறும் எழுகின்ற இவ்வினா, பழைய மகிழுந்து விற்பனையில் மிகக் கூர்மையாக எழுகின்றது.

மகிழுந்து ஒன்று பெரும் விபத்தில் சிக்கினால், அதைச் செப்பனிட ஆகும் செலவைக் காப்புறுதி நிறுவனம் மதிப்பிடுகின்றது. வண்டியின் மதிப்போடு ஒப்பிடுகையில் அச்செலவு கட்டுப்படியாகாது எனக் கண்டால், ‘முழுச் சேதம்’ என அறிவித்து, உரிமையாளருக்கு இழப்பீட்டைக் கொடுத்துக் கணக்கை முடித்துக்கொள்கின்றது. வெள்ளத்தில் மூழ்கிய வண்டிக்கும் இந்நிலை நேர்வதுண்டு. 2021ஆம் ஆண்டு டிசம்பரில் சிலாங்கூரைத் தாக்கிய பெருவெள்ளத்தில், ஷா ஆலம் வட்டாரத்தில் மட்டுமே எத்தனையோ மகிழுந்துகள் நீரில் அமிழ்ந்தன. கணக்கு முடிந்தாலும் வண்டியின் வாழ்வு முடிந்துவிடுவதில்லை. சில வண்டிகள் உதிரிப் பாகங்களாகப் பிரிக்கப்படுகின்றன. வேறு சில பட்டறையில் நிமிர்த்தப்பட்டு, புதுச்சாயம் பூசப்பெற்று, மீண்டும் விற்பனைக்கு வந்து நிற்கின்றன.

அத்தகைய வண்டியொன்றை அதன் வரலாறு அறியாமல் ஒருவர் வாங்கிவிடுகின்றார் எனக் கொள்ளலாம். மாதங்கள் சில கழிந்தபின், பட்டறையில் வண்டியை உயர்த்திப் பார்க்கும்போது, அடிச்சட்டத்தில் வெட்டி ஒட்டிய தழும்பு வெளிப்படுகின்றது. விற்றவரிடம் சென்று கேட்டால், “நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வண்டி ஓடுகின்றதல்லவா?” என்ற விடை வருகின்றது. இவ்விடையில் பொய்யான சொல் ஒன்றுகூட இல்லை. ஆயினும், வாங்கியவர் தாம் வஞ்சிக்கப்பட்டதாகவே உணர்கின்றார். அவ்வுணர்வு சரியானதுதானா என்பதே ஆராயத்தக்கது.

அவர் இழந்தவை மூன்று. முதலாவது பணம். குறையுள்ள வண்டிக்குக் குறையற்ற வண்டியின் விலையைக் கொடுத்திருக்கின்றார். இரண்டாவது பாதுகாப்பு. மகிழுந்தின் முன்பகுதி, மோதலின்போது நசுங்கி அதன் விசையைத் தானே ஏற்றுக்கொள்ளுமாறு அமைக்கப்பட்டதாகும். ஒருமுறை நசுங்கி, முறையின்றி நிமிர்த்தப்பட்ட இரும்பு மறுமுறையும் அவ்வாறே காக்கும் என்பதற்கு உறுதியில்லை. விரிந்துபோன காற்றுப்பை மாற்றப்படாதிருப்பின், அஃது இல்லாமைக்கே சமம். மூன்றாவது இழப்பு கண்ணுக்குப் புலப்படாதது. அறிந்து, தெளிந்து, முடிவெடுக்கும் உரிமையே அது. ஒப்பந்தத்தில் உள்ள கையெழுத்து வாங்கியவருடையதுதான். ஆனால் முடிவோ, விற்றவர் அவருக்காக எடுத்த முடிவாகும்.

இவ்வழக்கு இன்று தோன்றியதன்று. உரோமானிய அறிஞர் சிசரோ, கி.மு. 44இல் கடமைகளைப் பற்றி எழுதிய நூலில், குறைகள் நிறைந்த வீடொன்றை விற்பவனின் கதையை எடுத்து ஆராய்கின்றார். அவ்வீட்டின் குறைகளை உரிமையாளன் ஒருவனே அறிவான். அவன் அவற்றைச் சொல்லியாகவேண்டுமா? பாபிலோனிய தியோகனீசு என்னும் தத்துவ ஆசான், விற்பவன் யாரையும் வற்புறுத்தவில்லை என்றும், சொல்லாதிருத்தல் வேறு, மறைத்தல் வேறு என்றும் வாதிடுகின்றார். அவருடைய மாணவரான அந்திபாத்தரோ, வாங்குபவன் தவறான நம்பிக்கையோடு கேட்டுக்குள் விழ விடுவது, வழி தவறியவனுக்கு வழி காட்டாமையினும் கொடிது என்கின்றார். சிசரோ மாணவரின் பக்கமே நின்றார். பிறர் அறியவேண்டிய ஒன்றைத் தன் ஆதாயம் கருதி அறியவிடாமற் செய்வதே மறைத்தல் என்பது அவர் கண்ட முடிவு.

மலேசியாவின் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமும் இச்சிக்கலோடு போராடியிருக்கின்றது. வெறும் மௌனம் வஞ்சகமாகாது என்பது அதன் 17ஆம் பிரிவு கூறும் பொதுவிதி. பேசவேண்டிய கடமை இருந்தும் பேசாதிருப்பதும், பேச்சுக்கே ஒப்பான மௌனமும் அவ்விதிக்கு விலக்குகள். இதனை விளக்க, நோயுற்ற குதிரையொன்றின் விற்பனையைச் சட்டம் எடுத்துக்காட்டுகின்றது. ஏலத்தில் அதனை ஒன்றும் சொல்லாமல் விற்றால் அது வஞ்சகமன்று. வாங்குபவள் விற்பவனின் மகளாக, அப்பொழுதுதான் உரிய வயதை எட்டியவளாக இருப்பின், உண்மையைச் சொல்லும் கடமை அவனுக்கு உண்டு. “நீ மறுக்காவிட்டால் குதிரை நலமாக உள்ளது என்றே கொள்வேன்” என்று வாங்குபவன் கூறியபின் வாய் மூடி இருந்தால், அம்மௌனம் பேச்சேயாகும்.

மகளுக்கு ஒரு நீதி, அயலாருக்கு ஒரு நீதி என்னும் இப்பிரிவினை சட்டத்திற்குப் பொருந்தலாம்; அறத்திற்குப் பொருந்துமா? வள்ளுவர், வணிகருக்குரிய அறத்தைப் பொருட்பாலில் வைக்காமல், அறத்துப்பாலில் நடுவு நிலைமை அதிகாரத்தின் இறுதிக் குறளாக வைத்தார். பிறர் பொருளையும் தம் பொருள்போலக் கருதிச் செய்வதே வாணிகம் என்பது அதன் கருத்து. தம் மகள் ஓட்டிச் செல்ல இவ்வண்டியை, இவ்விலைக்கு, ஒன்றும் அறியாமல் வாங்க ஒப்புவாரா என்று விற்பவர் தம்மைத் தாமே கேட்டுக்கொண்டால் போதும். விடை தானே பிறக்கும்.

பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999, இவ்வறத்தை நோக்கிச் சட்டம் எடுத்துவைத்த பெரும் அடியாகும். வணிகர் விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரமுடையதா என்பதை அறிய அச்சட்டம் ஓர் உரைகல்லைத் தருகின்றது. மறைந்துள்ள குறைகள் உட்பட, பொருளின் நிலையை முழுமையாக அறிந்த நியாயமான பயனீட்டாளர் ஒருவர் அதனை ஏற்பாரா என்பதே அது. குறையைச் சரிசெய்து தருமாறு கேட்கவும், சரிசெய்ய இயலாதாயின் பொருளைத் திருப்பிக் கொடுக்கவும், அல்லது மதிப்புக் குறைவுக்கு ஈடு பெறவும் வாங்கியவருக்கு வழியுண்டு. 2019ஆம் ஆண்டில் 25,000 ரிங்கிட்டிலிருந்து 50,000 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்ட வரம்புக்குள், வழக்கறிஞர் துணையின்றியே பயனீட்டாளர் நடுவர் மன்றத்தை நாடலாம். விற்பனைக்கு முன்னரே எடுத்துச் சொல்லப்பட்ட குறைக்கு வணிகர் பொறுப்பாகார் என்பதும் அச்சட்டத்தின் கூறே. ஆகவே, உண்மை உரைப்பது வாங்குபவரை மட்டுமன்றி, விற்பவரையும் காக்கின்றது.

முழுச் சேதம் எனக் கழிக்கப்பட்ட வண்டிகள் அனைத்தும் தீயன அல்ல. விலை குறைந்த பழைய வண்டி சிறு சேதத்திற்கும் கழிக்கப்படலாம்; நன்கு செப்பனிடப்பட்டுப் பல்லாண்டு உழைக்கவும் கூடும். அதனை விற்பது குற்றமன்று. அதன் வரலாற்றைச் சொல்லி, அதற்கேற்ற விலைக்கு விற்பதே முறை. வாங்குபவருக்கும் கடமை உண்டு. சாதாரண முயற்சியாலேயே உண்மையை அறிய வாய்ப்பிருந்தும் மௌனத்தால் ஏமாந்தவர், பின்னர் ஒப்பந்தத்தை முறிக்க இயலாது போகலாம் என்று ஒப்பந்தச் சட்டத்தின் 19ஆம் பிரிவு எச்சரிக்கின்றது. “இவ்வண்டி விபத்தில் சிக்கியதா? வெள்ளத்தில் மூழ்கியதா?” என்று வெளிப்படையாகக் கேட்டு, விடையை எழுத்தில் பெறுவது நன்று. கேள்வி பிறந்தபின் மௌனத்திற்கு ஒளிந்துகொள்ள இடமில்லை.

இறுதியாக, ஏமாந்தவரின் முன்னே கடினமான சோதனையொன்று காத்திருக்கின்றது. வழக்குத் தொடுக்க நேரமில்லை. வண்டியோ கைவசம் உள்ளது. சாயத்தை மெருகேற்றி, வேறொருவரிடம் தள்ளிவிட்டால் போட்ட பணம் திரும்பிவிடும். அவர் வணிகர் அல்லர். பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் அவரை விற்பனையாளராகக் கொள்ளாது. “எனக்கு யார் சொன்னார்கள்? நான் ஏன் சொல்லவேண்டும்?” என்னும் எண்ணம் இயல்பாகவே எழும். ஆனால், அக்கணத்தில் அவர் வாய் மூடினால், தம்மை வஞ்சித்தவரின் வாதத்தையே தம் வாதமாக ஏற்றுக்கொண்டவராவார். முன்னர்க் கேட்ட நீதிக்கும் பொருளற்றுப் போகும். வாங்கும்போது உரிமையாக எதைக் கேட்டாரோ, விற்கும்போது அதனையே கடமையாக அவர் செலுத்தவேண்டும். நட்டம் அவரோடு நிற்கலாம். ஆனால் வஞ்சனையும் அவரோடு நின்றுவிடும்.