மாட்டு முகப் பிள்ளையின் தாய்

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் பல்லவர் காலத் தவ்வை சிற்பங்கள் நிறைய. மூதேவி என்று நாம் சொல்பவள்தான் தவ்வை. பேரங்கியூரிலும் ஒன்று உண்டு. பலகைக் கல்லில் பெருத்த வயிறும் சரிந்த மார்புமாகத் தவ்வை அமர்ந்திருப்பாள். காக்கைக் கொடி அவளுடையது. ஒரு புறம் மகள் மாந்தி, மறுபுறம் மாட்டு முகத்தோடு மகன் மாந்தன்.

நான் அந்த மகனைத்தான் அதிக நேரம் பார்ப்பேன். சிற்பி அவனைத் தாயின் முதுகுக்குப் பின்னால் ஒளிக்கவில்லை. மகளுக்குச் சமமாகப் பக்கத்திலேயே உட்கார வைத்திருக்கிறார். தவ்வை அவனைக் கொஞ்சவும் இல்லை, நேரே பார்த்தபடி இருக்கிறாள். எனக்கு அதில் பொய்யில்லாத தாய்மை தெரிகிறது.

என் மகனுக்குப் பேச்சு வராது. சில ராத்திரிகளில் அவன் மேல் ஆத்திரமாக வரும். விடிந்ததும் சோறு பிசைந்து ஊட்டுவது அதே கைதான். விசேஷ வீடுகளில், "அவனை விட்டுட்டு வாயேன்" என்பார்கள்.

காஞ்சி கைலாசநாதர் கோயிலில், 8ஆம் நூற்றாண்டில், தவ்வைக்கு இடம் இருந்தது. பிறகு ஏரிக்கரைக்கும் வயல்வரப்புக்கும் போனாள். வள்ளுவர் அவளைப் பொறாமைக்காரன் வீட்டில் வைத்தார். தொண்டரடிப்பொடியாழ்வார் சேட்டை என்று அவளை வணங்குவோரைக் கடிந்தார். அவர்களோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் ஒரு தாயையும் பிள்ளையையும் அமங்கலம் என்று ஒதுக்கியபின் கருவறையில் மிச்சமிருக்கும் தெய்வம் யாருக்கானது?

வரும் தையில் தங்கை மகளுக்குக் காதுகுத்து. அவனையும் கூட்டிக்கொண்டுதான் போவேன்.