கோடரியும் கைப்பிடிச் சுவரும்

அமெரிக்காவின் வட மாநிலங்களில், வீட்டைச் சுற்றி ஓக்கும் மேப்பிளும் வளர்ந்து நிற்கும் புறநகர்களில், காரேஜின் மூலையில் பழைய செயின்சா ஒன்று கிடப்பது சாதாரணம். மரம் அறுக்கும் மெஷின் என்றால் நம் ஊரில் அது கூலிக்கு அறுக்க வருகிறவரின் தொழிற்கருவி. அங்கே அது வீட்டுச் சாமான். புயலில் முறிந்த கிளையை அப்புறப்படுத்த, குளிர்காலத்துக்கு விறகு போட என்று ஆண்டுக்குச் சில தடவை வெளியே எடுப்பார்கள். மற்ற நாளெல்லாம் தூசி படிந்து கிடக்கும். பிறகு ஒரு நாள், கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் இன்ஜின் கிளம்பாது. ரிப்பேர் செய்வதா, வேறு வாங்குவதா? இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் தீர்ப்பு ஒரு கணக்கு: ரிப்பேர் செலவு புதியதன் விலையில் பாதியைத் தாண்டினால் பழையதைத் தலைமுழுகிவிட வேண்டும். சிக்கனத்துக்கு இது போதும். ஆனால் இந்தக் கணக்கில் வாங்குகிறவரின் பணத்தைத் தவிர வேறு எதற்கும் இடமில்லை. இன்னும் உழைக்கக்கூடிய ஒரு பொருளை அழிக்க மனிதனுக்கு என்ன உரிமை என்பது பணத்துக்கு முந்திய கேள்வி. அது சமயம் சார்ந்த கேள்வி என்றே கருதுகிறேன். அதை வழக்கு வழக்காக எடுத்து மிக நுணுக்கமாக விவாதித்தவர்கள் யூத அறிஞர்கள். அந்த விவாதம் தொடங்கும் இடத்திலேயே ஒரு மரமும், அதை வெட்டப் போகும் கருவியும் இருக்கின்றன.

எபிரேய வேதாகமத்தின் ஒரு நூலான உபாகமத்தில் 20ஆம் அதிகாரம் போர்ச் சட்டம். ஒரு நகரத்தை நெடுநாள் முற்றுகையிட நேர்ந்தாலும் அதன் பழமரங்களைக் கோடரியால் வெட்டி அழிக்கக் கூடாது என்று அதன் 19ஆம் வசனம் விதிக்கிறது. உண்ணும் பழம் தராத மரங்களை முற்றுகைக் கட்டுமானங்களுக்கு வெட்டிக்கொள்ளலாம் என்று 20ஆம் வசனம் இடம் கொடுக்கிறது. எதிரியின் மரம், போர்க்காலம், கையில் கோடரி. அழிப்பதற்கு நியாயம் மிகச் சுலபமாகக் கிடைக்கும் சூழல் இதுதான். தடையை அங்கேயே வைத்துவிட்ட பிறகு, அதைவிட அமைதியான எந்தச் சூழலிலும் நாம் சாக்குச் சொல்லித் தப்ப முடியாது. யூத மத அறிஞர்களான ரபிகள் அப்படித்தான் வாசித்தார்கள். 'பால் தஷ்ஹித்' (அழிக்காதே) என்று பெயர் பெற்ற இந்த விதியை மரத்திலிருந்து மற்றப் பொருள்களுக்கும் விரித்தார்கள். 12ஆம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிடெஸ் தொகுத்த மிஷ்னே தோரா என்ற சட்ட நூலில், அழிக்கும் நோக்கத்தோடு பாத்திரத்தை உடைப்பவர், துணியைக் கிழிப்பவர், கட்டடத்தை இடிப்பவர், ஊற்றை அடைப்பவர், உணவை வீணாக்குபவர் எல்லோருமே இந்த விதியை மீறியவர்கள். பழமரத்தை வெட்டியவருக்கு வேதம் விதித்த கசையடி, மற்றவர்களுக்கு ரபிகள் விதித்த தண்டனை மட்டுமே என்ற வேறுபாட்டையும் அவர் சேர்த்தே சொல்கிறார். வேதம் மரத்தைப் பற்றியல்லவா பேசுகிறது, மெஷினைப் பற்றி இல்லையே என்று ஒருவர் கேட்கலாம். பாத்திரத்துக்கும் துணிக்கும் பொருந்துவது செயின்சாவுக்கும் பொருந்தும். இந்த மரபில் காரணம் சொல்ல வேண்டிய பொறுப்பு அழிப்பவர் தலையில் விழுகிறது, வைத்திருப்பவர் தலையில் அல்ல. பாதி விலைக் கணக்கோ, பிழைத்திருக்கத் தனக்குத் தகுதி உண்டு என்று அந்தப் பழைய பொருளையே நிரூபிக்கச் சொல்கிறது.

அழிப்பவரிடம் காரணம் உண்மையாகவே இருக்கிறதா என்று பார்த்தால், பெரும்பாலும் இல்லை. வீட்டு செயின்சா உழைத்துத் தேய்ந்து போவது குறைவு. சும்மா கிடந்தே கெடுகிறது. அமெரிக்க பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் பொதுவாக 10 சதவீதம் எத்தனால் கலந்திருக்கும். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். டேங்கில் மாதக்கணக்கில் தங்கிய பெட்ரோல் மெல்ல ஆவியாகி, கார்புரேட்டரின் நுண்துளைகளில் பிசினாகப் படியும். எப்படிச் சாய்த்தாலும் ஓட வேண்டிய மெஷின் என்பதால் இந்தக் கார்புரேட்டரில் மிதவை கிடையாது. மெல்லிய டயஃப்ரம் ஒன்றுதான் பெட்ரோலை அளந்து விடுகிறது. அது விறைத்துப் போனால் அளவு தப்பும். ரப்பர் டியூபில் வெடிப்பு விழுந்து காற்று புகும், டேங்குக்குள் இருக்கும் ஃபில்டர் அடைக்கும், பிளக்கில் கரி ஏறும். இவை எல்லாமே கழற்றி மாற்றுவதற்கென்றே செய்யப்பட்ட உதிரிகள். மொத்தமாக வாங்கினாலும் புதிய மெஷினின் விலையில் சிறு பகுதிதான் ஆகும். கிளம்பியும் வெட்டாத மெஷின்கள் இன்னொரு வகை. செயின் மழுங்கினால் மரம் சீவலாக வராது, மாவாக வரும், செயின் சுற்றி ஓடும் பார் புகையும். அதற்குத் தேவை ஓர் உருண்டை அரம். இன்ஜின் உயிரோடு இருக்கிறதா என்பதையும் வெளியிலிருந்தே அறியலாம். சைலன்சரைக் கழற்றினால் அதன் பின்னாலிருக்கும் துவாரம் வழியே பிஸ்டன் கண்ணுக்குத் தெரியும். அதன் பக்கவாட்டில் மேலும் கீழுமாகக் கீறல்கள் இல்லாமல் வழவழவென்று இருந்தால், கம்ப்ரஷன் கேஜ் சதுர அங்குலத்துக்கு 120, 130 பவுண்டு காட்டினால், அந்த இன்ஜினுக்கு இன்னும் ஆயுள் இருக்கிறது. இரண்டு மூன்று திருகுகளைக் கழற்றும் வேலை இது. அதைக்கூடச் செய்யாமல் செத்துவிட்டது என்று தீர்ப்பு எழுதுவதை மைமோனிடெஸின் பட்டியலில் நான் தயங்காமல் சேர்ப்பேன்.

உண்மையாகவே செத்தவையும் உண்டு. டூ-ஸ்ட்ரோக் பைக் ஓட்டியவர்களுக்குத் தெரியும், பெட்ரோலில் ஆயில் கலக்காவிட்டால் என்ன ஆகும் என்று. இன்றைய செயின்சாக்கள் பலவற்றுக்கு 50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில். வெறும் பெட்ரோலில் ஓட்டினால் பிஸ்டன் சிலிண்டரோடு உராய்ந்து, இன்ஜின் சீக்கிரமே இறுகிச் சீஸ் ஆகிவிடும். மரம் வெட்டுவதையே தொழிலாகக் கொண்டவர்களின் மெஷினில் சிலிண்டரைத் தனியே கழற்றி மாற்றலாம். வீட்டு மாடல்கள் பலவற்றில் பிளாஸ்டிக் உடலிலிருந்து இன்ஜினை முழுதாக வெளியே எடுத்தாக வேண்டும். அங்கே ரிப்பேர் என்பது பாதி மெஷினைப் புதிதாகச் செய்வதற்குச் சமம். இந்த இடத்துக்கும் ரபிகளிடம் ஓர் அளவுகோல் இருக்கிறது. ரபிகளின் விவாதங்களைத் தொகுத்த தல்மூதின் பாவா காமா பகுதியில், ஒரு காப் அளவு பேரீச்சை காய்க்கும் மரத்தைக்கூட வெட்டக் கூடாது என்கிறார் ராவ் என்ற அறிஞர். காப் என்பது ஒன்றிரண்டு லிட்டர் பிடிக்கும் சிறு அளவு. நன்றாகக் காய்க்கும் மரத்தின் விளைச்சலோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பம். வரம்பை வேண்டுமென்றே அவ்வளவு தாழ்வாக வைத்திருக்கிறார் அவர். பழத்தைவிட மரத்துக்கு மதிப்பு கூடுதலென்றால் வெட்டலாம் என்று பின்னால் வந்த ரவினா சேர்க்கிறார். ஆகப் பணத்தையும் இந்த மரபு ஒதுக்கிவிடவில்லை. ஆனால் முதலில் இன்னும் காய்க்கிறதா என்று கேட்கிறது, பிறகுதான் மதிப்புக்கு வருகிறது. எல்லா உதிரிகளையும் மாற்றிய பின் அது அதே மெஷின்தானா என்று, பழைய கிரேக்கப் புதிரான தீசியஸின் கப்பலை இழுத்து வருபவர்கள் உண்டு. இங்கே அந்தப் புதிர் உதவாது. இந்த விதி பொருளின் அடையாளத்தைக் காக்க வந்ததல்ல. அது தரக்கூடிய பயனைக் காக்க வந்தது.

எதிர்வாதங்களில் வலுவானது நேரம் பற்றியது. அமெரிக்காவில் மெக்கானிக்கின் ஒரு மணி நேரக் கூலியே மலிவான புதிய மெஷினின் விலையில் பாதியை எட்டக்கூடும். தானே செய்யலாம் என்றால் ஒரு சனிக்கிழமை போய்விடும். மனிதனின் நேரத்தைவிட ஓர் இரும்புத் துண்டு உயர்ந்ததா? இந்தக் கேள்விக்குத் தல்மூதிலேயே ஆதரவு தேடலாம். ஷபாத் என்ற பகுதியில் இரண்டு இடங்கள். வாற்கோதுமை ரொட்டி தின்னக்கூடியவர் கோதுமை ரொட்டி தின்றால் அது வீணாக்குதல் என்று சொல்லப்பட்ட ஒரு கருத்தை, உடம்பைக் காப்பதே பெரிது என்று அந்த நூல் தள்ளிவிடுகிறது. இன்னொரு இடத்தில், இரத்தம் எடுக்கப்பட்டு உடல் குளிர்ந்திருந்த ரப்பா என்ற அறிஞருக்காக ஒரு பெஞ்சை உடைத்து எரிக்கிறார்கள். இது விதிமீறல் அல்லவா என்று அவருடைய சீடர் அபயே கேட்க, தன் உடம்பை அழியவிடுவது அதைவிடப் பெரிய அழிவு என்ற பொருளில் அவர் பதில் சொல்கிறார். இது துறவிகளின் சட்டம் அல்ல என்பதற்காகவே எனக்கு இதன்மேல் மரியாதை. ஆனால் இரண்டு இடத்திலும் தராசின் மறுதட்டில் இருந்தது உடம்பு: சத்து, கதகதப்பு. வீட்டுக்காரருக்கு வயதாகிக் கை நடுங்குகிறது, அல்லது விழுந்த மரம் வழியை அடைத்துக் கிடக்கிறது, உடனே வெட்டியாக வேண்டும் என்றால் ரப்பாவின் தீர்ப்பு அவர் பக்கம் நிற்கும். தொல்லை வேண்டாம் என்ற ஆசையை உடம்பின் தேவையோடு ஒரே தட்டில் வைக்க எந்த ரபியும் அங்கே முன்வரவில்லை. மெக்கானிக்குக் கொடுக்கும் பணம் வீணாகிறது என்பதையும் ஏற்க முடியாது. அதில் பெரும்பங்கு பக்கத்து ஊரில் இருக்கும் ஒருவரின் கைவேலைக்குப் போகிறது. அவருடைய கடை மூடப்பட்டால் அந்த வட்டாரத்தின் பழைய மெஷின்கள் எல்லாமே ஒரே நாளில் குப்பையாகிவிடும்.

பொருளாதாரம் படித்தவர்கள் வேறு விதமாகக் கேட்பார்கள். பழைய மெஷினுக்குச் செலவானது செலவாகிவிட்டது, அதை நினைத்து இனி முடிவெடுப்பது பிழை என்பார்கள். சொந்தப் பணத்தைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது சரி. ஆனால் புதியதை வாங்கும்போது இன்னொரு முறை அலுமினியம் தோண்டப்படுகிறது, இன்னொரு முறை பிளாஸ்டிக் வார்க்கப்படுகிறது. அது கடந்துபோன செலவல்ல, இனி வரப்போகும் அழிவு. இதைவிடக் கனமானது புகை பற்றிய வாதம். டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில் புதுக் கலவை உள்ளே நுழையும்போதே புகைத்துவாரமும் திறந்திருக்கும். பழைய மாடல்களில் பெட்ரோலில் ஏறக்குறைய கால் பங்கு எரியாமலே வெளியேறும். கலிஃபோர்னியா 2021இல் ஒரு சட்டம் இயற்றி, 2024 முதல் புதிதாகத் தயாரிக்கப்படும் சிறிய பெட்ரோல் இன்ஜின் கருவிகளில் பெரும்பாலானவற்றின் விற்பனையை நிறுத்த வழி செய்தது. மக்களிடம் ஏற்கெனவே இருப்பவற்றைப் பயன்படுத்துவதை அது தடுக்கவில்லை. அந்த வேறுபாடு நியாயமானது. தினமும் மணிக்கணக்கில் அறுப்பவர் பேட்டரி மெஷினுக்கு மாறினால் காற்றுக்கும் அவருடைய நுரையீரலுக்கும் நல்லது. காற்றும் அழிக்கக் கூடாதவற்றில் சேர்ந்ததே. ஆண்டுக்கு ஓரிரு மணி நேரம் ஓட்டுபவரின் புகையைப் புதிய மெஷினும் லித்தியம் பேட்டரியும் செய்வதில் ஆகும் சேதத்தோடு வைத்துப் பார்த்தால், வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இல்லை. அந்தப் பேட்டரியும் ஒரு நாள் சக்தி இழக்கும். அது ஒரு கம்பெனியின் மெஷினுக்குள் மட்டுமே பொருந்தும். இதே கேள்வி மறுபடி எழும்.

என்னை உண்மையாகவே அசைக்கும் எதிர்வாதம் பாதுகாப்பு. உபாகமத்தில் இரண்டு அதிகாரம் தள்ளி, 22ஆம் அதிகாரத்தின் 8ஆம் வசனத்தில், புது வீடு கட்டுகிறவர் மொட்டைமாடியிலிருந்து யாரும் விழுந்து வீட்டின்மேல் இரத்தப்பழி வராதபடி கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும் என்ற கட்டளை இருக்கிறது. இதைக் கொண்டே ரபி நாதன், கடிக்கும் நாயை வளர்க்கவும் ஆட்டம் காணும் ஏணியை வீட்டில் நிறுத்தி வைக்கவும் கூடாது என்று விதித்தார். செயின்சாவில் அந்தக் கைப்பிடிச் சுவர், செயின் பிரேக். பாரின் மேல்முனை எதிர்பாராமல் மரத்தில் பட்டால் மெஷின் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் பிடித்திருப்பவரின் முகத்தையும் கழுத்தையும் நோக்கித் துள்ளும். முன்கைப்பிடிக்கு முன்னால் இருக்கும் தடுப்பு அந்தக் கணத்தில் செயினை நிறுத்திவிடும். இந்த அமைப்பு 1970களின் தொடக்கத்தில்தான் வரத் தொடங்கியது; அதற்கு முந்திய மெஷின்களில் கிடையாது. தாத்தா காலத்து மெஷின் நல்ல கம்ப்ரஷனோடு முதல் இழுப்பிலேயே கிளம்பலாம். பிரேக் இல்லையென்றால், அல்லது பிரேக் உடைந்து அதற்கு உதிரி கிடைக்கவில்லையென்றால், அது ரபி நாதன் சொன்ன ஏணிதான். இதை ரிப்பேர் செய்வது பொருளின் மீதுள்ள அன்பாகத் தோன்றலாம், ஆனால் அந்த அன்புக்கு விலை கொடுக்கப் போவது அதை அடுத்துப் பிடிக்கப் போகும் பேரனின் கழுத்து. அழிக்காதே என்பதும் ஆபத்தை வீட்டில் வைக்காதே என்பதும் ஒரே நூலின் கட்டளைகள். இங்கே இரண்டும் மோதுகின்றன, ரப்பாவின் பெஞ்சு வழக்குப்படி உடம்பே வெல்கிறது.

மாற்றுவது என்று முடிவெடுத்த பிறகும் அந்த விதி விலகிப் போய்விடுவதில்லை. அது தடுப்பது அழிப்பதைத்தான், கைமாற்றுவதை அல்ல. பிரேக் நன்றாக இருந்து கார்புரேட்டரால் மட்டும் நின்றுபோன மெஷினைச் சரிசெய்ய மனமில்லாதவர், மனமுள்ள ஒருவருக்குக் கொடுத்துவிடலாம். இந்தச் சிறு இன்ஜின்களைப் பிரித்துப் போடுவதில் மகிழ்ச்சி காண்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். சீஸ் ஆன மெஷினின் பார், கிளட்ச், காயில், ஸ்டார்ட்டர் எல்லாம் அதே மாடல் வைத்திருக்கும் வேறொருவருக்கு உதவும். பிரேக் இல்லாத மெஷினுக்கு மட்டும் இந்த வழி கிடையாது. குருடன் வழியில் தடைக்கல்லை வைக்காதே என்று லேவியராகமம் 19:14 சொல்கிறது. ஆபத்தை அறியாதவரின் கையில் ஆபத்தைக் கொடுப்பதும் அதில் அடங்கும் என்பது ரபிகளின் வாசிப்பு. பழைய சாமான் சந்தையில் அதைச் சில டாலருக்கு விற்பவர், தான் பயந்து விலகிய ஏணியை அடுத்த வீட்டுச் சுவரில் சாத்திவிட்டு வருகிறார். பெட்ரோலையும் ஆயிலையும் வடித்து, பிளக்கையும் செயினையும் கழற்றி எடுத்துக்கொண்டு, யாரும் மறுபடி ஓட்ட முடியாதபடி ஸ்டார்ட்டரை உடைத்து, இரும்பையும் அலுமினியத்தையும் உருக்குபவரிடம் சேர்க்க வேண்டும். அந்த ஒரு மெஷினை உடைப்பவர் எந்த விதியையும் மீறவில்லை.