லியூவுக்குக் கர்மம் செய்வது யார்?

இங்கிலாந்தின் டெவன் பிரதேசத்தில் பார்ன்ஸ்டபிளுக்கும் லின்டனுக்கும் இடையே, இரண்டடிக்கும் சற்றே குறைந்த அகலமுள்ள இருப்புப் பாதையில் 1898 முதல் ஓடிவந்த சிறு ரயில், மோட்டார் வண்டிகளின் போட்டிக்கு ஈடுகொடுக்க மாட்டாமல் 1935 செப்டம்பரில் நின்றுபோனபோது, அதன் நீராவி எஞ்சின்கள் ஐந்தில் நான்கு உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாயின. ஐந்தாவதாகிய லியூ மட்டும், தான் ஓடிய பாதையையே பெயர்த்தெடுக்கும் வேலைக்கு உழைத்துவிட்டு, 1936-இல் கப்பலேறிப் பிரேசிலுக்குப் போயிற்று. அப்பால் அதன் கதி தெரியவில்லை.

இந்த எஞ்சின்களை ஒன்பது மில்லிமீட்டர் தண்டவாளத்தில் நிற்கும் சிற்றுருவங்களாகச் செய்வோர் இன்றும் உளர். விளையாட்டுத்தான், ஆயினும், மறைந்த ஒன்றை நினைக்குங்கால் நாம் நினைப்பது எதனை என்ற பழைய விசாரம் அதில் அடங்கியிருக்கிறது. நியாய சாஸ்திரம் வியக்தி, ஆகிருதி, ஜாதி என மூன்றைப் பிரித்துப் பேசும். யோ, எக்ஸ், டா என்ற மூன்று எஞ்சின்களும் லீட்ஸ் நகரத்து மானிங் வார்டில் தொழிற்சாலையில் 1897-இல் ஒரே அமைப்பில் உருவானவையாதலால், கொதிகலனும் புகைபோக்கியும் பொருத்திப் பச்சை வர்ணம் பூசிய பின்னும் மேஜைமேல் நிற்கும் உருவம் அம்மூன்றில் எதுவும் அன்று. அரிசி போன்ற பித்தளைப் பெயர்த்தகட்டை இடுக்கியால் எடுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு பக்கவாட்டில் ஒட்டிய பிறகே அது எக்ஸ் ஆகிறது. கைத்திறன் ஆகிருதியோடு நின்றுவிட, துக்கமோ வியக்தியைத்தான் தேடுகிறது.

உடல் அகப்படாமல் மாண்டவனுக்குத் தர்ப்பையால் உருவம் சமைத்துத் தகனம் செய்ய நம் தர்ம சாஸ்திரம் இடங்கொடுக்கிறது. போனவன் திரும்பவில்லை என்றாலோ, பல்லாண்டு காத்திருந்த பிறகே அதற்கு அனுமதி. அவ்வுருவம் வழியனுப்புவதற்கு, விக்கிரகமோ ஆவாகனம் செய்து வரவழைப்பதற்கு. லியூவை அது பிறந்த 1925-ஆம் ஆண்டுக் கோலத்தில் செய்து நிறுத்துகிறவன் இவ்விரண்டில் எதைச் செய்கிறான் என்று கேட்டால், அவனுக்கே விடை தெரியாதென்றுதான் எனக்குத் தோன்றுகிறது; தெரியாதிருப்பது நியாயமுங்கூட.

முழு அளவிலேயே புதிய எஞ்சின்களும் பிற்காலத்தில் எழுந்தன. அந்த ஐந்தில் ஒன்றும், உடைபட்டது திண்ணமானதுமாகிய லின்னின் பெயரை, 2017-இல் அதன் சாயலில் எழுந்த எஞ்சினுக்குத் தயக்கமின்றி இட்டார்கள். லியூவின் சாயலில் 2010-இல் ஓடத் தொடங்கியதற்கோ லியூ என்ற ஆற்றுப்பெயரை விடுத்து, லிட் என்று வேறோர் ஆற்றின் பெயரை வைத்தார்கள். அவர்கள் கருதிய காரணம் எதுவாயினும், சாவு உறுதியாகாதவனின் பெயரை எடுத்து வேறொருவனுக்குச் சூட்டாமல் விட்டது முறையே என்பேன்.