தூக்கலாம், திறக்கக் கூடாது

கப்பலேறிய முதல் மாலை. அறைக்குள் வந்து கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது, கதவு தட்டப்பட்டது. வெள்ளைக் கையுறை போட்ட பிலிப்பைன்ஸ் இளைஞர். எங்கள் இருவர் பெயரையும் பிசகில்லாமல் சொல்லி வணக்கம் வைத்தார். அந்த வாரம் முழுக்க எங்களுக்கென்று இருக்கும் பணியாளர் தான்தான் என்றார். பெட்டிகளைப் பிரித்துத் துணிகளை அலமாரியில் அடுக்கித் தரட்டுமா என்று கேட்டார். என் வீட்டுக்காரர் பதில் சொல்லவில்லை. குழந்தையின் நெற்றியில் காய்ச்சல் பார்ப்பது போலப் பெட்டியின் மூடிமேல் உள்ளங்கையை வைத்தார். இளைஞர் ஓரடி பின்னால் போய், சிரித்து, வேண்டும்போது கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

நடந்தது இவ்வளவே. ஊர் திரும்பி மாதக்கணக்காகியும் அந்தக் கை மட்டும் என் மனசை விட்டு நகர மாட்டேன் என்கிறது.

இப்போது அது பெரிதாகத் தெரிய ஒரு காரணம் உண்டு. அடுத்த பயணத்துக்கு எந்தக் கப்பல் என்று முடிவு செய்தாக வேண்டும். (பாதி மகள் கொடுப்பது, பாதி மனை விற்ற பணம். சொந்தக்காரர்கள் பேசுவது தனிக் கதை.) மேசைமேல் விளம்பரப் புத்தகங்கள் குவிந்துவிட்டன. சீட்ரீம் என்ற நிறுவனத்திடம் இருப்பதே இரண்டு கப்பல்கள்தான். 1984, 85இல் கட்டியவை, ஒவ்வொன்றிலும் 112 பயணிகள், அவர்களுக்கு 95 ஊழியர்கள். சில்வர்சீ கப்பல்களில் ஒவ்வொரு அறைக்கும் பட்லர். வைக்கிங்கின் கடல் கப்பல்கள் பலவற்றில் ஏறத்தாழ 930 பேர், பதினெட்டு வயதுக்குக் கீழே யாருக்கும் இடமில்லை, சூதாட்டக் கூடமும் கிடையாது. மறுகோடியில், 2024இல் வந்த ஐகான் ஆஃப் த சீஸ். நிரம்பினால் 7,600 பயணிகள்.

என் கட்சி சின்னக் கப்பல். வரிசையில் நிற்க வேண்டாம், ஒலிபெருக்கி அலறாது, பெரிய கப்பல் எட்டிப்பார்க்க முடியாத துறைகளுக்குள் போகலாம். வெனிஸில் 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் புனித மாற்கு சதுக்கத்தின் முன்னால் போகக் கூடாதென்று 2021இல் தடையே போட்டுவிட்டார்கள். இதையெல்லாம் நான் வாசித்துக் காட்டுவேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் கேட்பது ஒன்றே ஒன்று: "ஏன் டீச்சர், அதுலயும் பொட்டியத் தொறந்து அடுக்கறேம்பாங்களா?"

பெட்டியில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். நாலு சட்டை, இரண்டு கைலி, முழங்காலுக்குப் போடும் உறை, பிரஷர் மாத்திரை, நாலு சுற்று பிளாஸ்டிக் உறைக்குள் எலுமிச்சை ஊறுகாய். ஒளிக்க எதுவுமில்லை.

அவர் ஈரோட்டில் கூட்ஸ் கார்டாக இருந்தவர். (2022இல் அந்தப் பதவியை டிரெயின் மேனேஜர் ஆக்கிவிட்டார்கள், அதைக் கேட்டால் இன்னமும் சிரிப்பார்.) கார்டுக்கென்று ஒரு லைன் பாக்ஸ் உண்டு. இரும்புப் பெட்டி, மேலே வெள்ளை எழுத்தில் பெயர். சிவப்புக் கொடி, பச்சைக் கொடி, கை விளக்கு, டெட்டனேட்டர், முதலுதவிச் சாமான், விதிப் புத்தகங்கள். வண்டிக்கு வண்டி அதைத் தூக்கி ஏற்றி இறக்க பாக்ஸ் போர்ட்டர் இருப்பார். ஆகவே பெட்டியை இன்னொருவர் தூக்குவது அவருக்குப் புதிதல்ல. ஜோலார்பேட்டை ரன்னிங் ரூமில் இவர் கொண்டுபோகும் அரிசி பருப்பை வாங்கிச் சமைத்துப் போட ஆள் இருந்தார், அதையும் கூச்சமில்லாமல் சாப்பிட்டவர்தான். தூக்கலாம், திறக்கக் கூடாது. அந்தக் கையின் பொருள் அதுவாக இருக்கலாம் என்று கொஞ்ச நாள் நினைத்திருந்தேன்.

எங்கள் வீட்டிலும் அதே சட்டம்தான். விருந்தாளி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "பையைக் குடுங்க" என்று அம்மா வாங்கி உள்ளே வைத்துவிடுவார். அதில் எங்கள் கை பட்டால் முதுகில் விழும். ஒரு தடவை பெங்களூர் மாமா அக்கா கல்யாணத்துக்கு வந்திருந்தார். பிஸ்கட் இருக்குமென்று தம்பி அவர் பையைத் துழாவினான். வேட்டி மடிப்புக்குள்ளிருந்து ஒரு காகிதம் வந்தது. அப்போதுதான் எழுத்துக்கூட்டப் பழகியிருந்தான். கூடத்தில் நின்று உரக்கப் படித்தான்: "அ-ட-கு..." மாமா சிரித்துக்கொண்டே வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கல்யாணத்தில் அவர் போட்ட மோதிரத்தை அதற்குப் பிறகு அம்மா நேராகப் பார்த்ததில்லை. இதைச் சொல்லத் தொடங்கியதே வேறு எதற்கோ. போகட்டும்.

எப்போதோ படித்த ஒரு கட்டுரையும் குறுக்கே வருகிறது. டேவிட் ஃபாஸ்டர் வாலஸ் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1995இல் ஒரு வாரம் கரீபியன் கடலில் சொகுசுக் கப்பலில் போய்விட்டு ஹார்பர்ஸ் பத்திரிகையில் நீளமாக எழுதியது. அதில் பாதி மறந்துவிட்டது. மறக்காதது இது: பொறுமையில்லாமல் அவர் தன் பையைத் தானே தூக்கிக்கொண்டு அறைக்குப் போகிறார். பயணியைப் பை தூக்க விட்டதற்காக லெபனான்காரப் போர்ட்டர் ஒருவருக்குத் திட்டு விழுகிறது. நல்லெண்ணம் இன்னொருவர் பிழைப்பில் போய் இடிக்கிறது.

எங்கள் அறைக்கு வந்த இளைஞர் அந்த ஓரடி பின்வைத்தபோது அவர் முகத்தில் இருந்தது நிம்மதியா, பயமா? மாதக்கணக்கில் வார விடுமுறைகூட இல்லாமல் உழைக்கிறவர்கள் அவர்கள். ஒரு பெட்டி மிச்சம் என்று மகிழ்ந்திருக்கலாம். மேலாளரிடம் என்ன சொல்லுவது என்று யோசித்திருக்கவும் கூடும். இவரைக் கேட்டேன். "அந்தத் தம்பிக்கு ஒரு வேலை கொறஞ்சுது" என்றார். அவருக்குச் சந்தேகமே இல்லை. எனக்குத்தான்.

அதே பயணத்தில் கிரீஸின் கொரிந்து கால்வாயைக் கடந்த நாளையும் சொல்ல வேண்டும். 1893இல் திறந்த கால்வாய், ஆறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். அடியில் 21 மீட்டர் அகலம்தான், பெரிய கப்பல் நினைத்தும் பார்க்க முடியாது. இழுவைப் படகு முன்னால் இழுக்க, இருபுறமும் சுண்ணாம்புப் பாறை கைக்கெட்டும் தூரத்தில் நகர்ந்தது. எல்லோரும் முன்தளத்தில் கூடிப் படமெடுத்துக்கொண்டிருந்தோம். இவரைக் காணவில்லை. தேடிப் போனால் கப்பலின் கடைசி முனையில் தனியாக நின்று, கடந்துபோன பாறையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கூட்ஸ் வண்டியின் கடைசியில், கார்டின் பிரேக் வேனில் தனியாக நின்ற உடம்பு. நான் கூப்பிடவில்லை. ஆனால் தட்டில் ஆரஞ்சுச் சாறு ஏந்தி ஒரு பணியாளர் வந்து, அவர் பெயரைச் சொல்லிக் கனிவாக அழைத்தார். இவர் திரும்பி, நன்றி சொல்லி, குடித்துவிட்டு, முன்தளத்துக்கு வந்துவிட்டார். கால்வாய் இன்னும் பாதி மிச்சமிருந்தது.

அதே பணியாளர் என் பெயரைச் சொல்லும்போது எனக்கு வேறு மாதிரி இருந்தது. பள்ளிக்கூடத்தில் நான் பெரிய டீச்சர். கடைவீதியில் நடந்தால் பூக்காரம்மா வரை எழுந்து நிற்பார். இப்போது குடியிருக்கும் கோயம்புத்தூர் அடுக்குமாடியில் 4பி ஆன்ட்டி. கப்பலில் இரண்டாம் நாள் காலையிலேயே, சர்க்கரையில்லாத காபி என் பெயரோடு சேர்ந்து வந்தது. ஒவ்வொரு படிக்கட்டிலும் ஒருவர் பெயர் சொல்லி வணங்கினார். நான் அமைதிக்காகச் சின்னக் கப்பல் கேட்கிறேன் என்றுதான் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். அந்தக் காபியை நினைத்தால் அது முழு உண்மையாகத் தோன்றவில்லை. இளைப்பாறுவது என்றால் யாருக்கும் தெரியாமல் இருப்பதா, எல்லாருக்கும் தெரிந்திருப்பதா? ஓய்வு பெற்ற இருவருக்கு ஒரே வீட்டுக்குள் இரண்டு விடை.

போன வாரம் அவரே ஐகான் படத்தை எடுத்துப் பார்த்தார். "ஏழாயிரம் பேர்ல நம்மள யாரு கவனிக்கப் போறாங்க? நல்லாத்தான் இருக்கும்" என்றார். நீர்ச்சறுக்கும் கூச்சலும் உள்ள அந்தக் கப்பல் என் வீட்டுக்காரருக்கு பிரேக் வேனாகத் தெரிகிறது. எனக்கு வாதாட வாய் வரவில்லை.

இரண்டுக்கும் நடுவே விண்ட்ஸ்டார் நிறுவனத்தின் பாய்மரக் கப்பல் ஒன்று இருக்கிறது, 342 பேர். அந்த எண்ணிக்கையில் ஊழியர்களுக்கு நம் பெயர் நினைவிருக்குமா, இருக்காதா? இதைக் கேட்க எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை. டிராவல் ஏஜென்ட் முன்பணம் கட்டச் சொல்லித் தினமும் போன் செய்கிறார். இவரோ "உனக்கு எது தோதோ அதைப் போடு" என்கிறார். அது என்மேல் உள்ள பிரியத்தில் சொல்வதா, பேச்சை முடித்துக்கொள்ளச் சொல்வதா என்று தெரிந்தால்கூட ஒரு முடிவுக்கு வந்துவிடுவேன்.