நோட்டில் இல்லாத பேர்

சிக்கராயபுரம் கல்குவாரியின் விளிம்பில் நின்று "எவ்வளவு அழகு!" என்றேன். சொன்ன மறுநொடியே வெட்கமாகிவிட்டது. பக்கத்தில் நின்றவர் திருமழிசையில் எங்கள் தெருவில் குடியிருக்கும் அக்கா. இளவயதில் இந்தப் பக்கத்துக் குவாரி ஒன்றில் பத்து வருஷம் ஜல்லி உடைத்தவர். பூந்தமல்லியில் பஸ் மாறி, மாங்காடு தாண்டி, அவரைக் கூட்டிக்கொண்டு வந்ததே நான்தான்.

செங்குத்தான பாறைச் சுவர்கள், அடியில் பச்சைத் தண்ணீர். கல் எடுத்து முடித்துக் கைவிட்ட பள்ளங்களில் சேர்ந்த தண்ணீர் அது. 2017, 2019 வறட்சிகளில் சென்னைக் குடிநீர் வாரியம் இதை எடுத்து, செம்பரம்பாக்கத்தில் சுத்திகரித்து நகரத்துக்கு அனுப்பியது. ஆழம் தெரியாமல் குளிக்க இறங்கி உயிர்விட்டவர்களும் உண்டு. ஆனாலும் போட்டோ எடுக்க ஆட்கள் வருகிறார்கள்.

ஒருத்தியின் முதுகு தேய்ந்து உண்டான பள்ளத்தை நான் ரசிக்கலாமா? கோயிலைப் பார்க்கும்போது யாரோ கட்டினார்கள் என்றாவது நினைக்கிறோம். பள்ளத்தில் தண்ணீர் நின்றுவிட்டால் இயற்கை என்று சொல்லி நகர்ந்துவிடுகிறோம்.

அக்கா சொன்னார்: ஆண்கள் பாறையில் துளை போட்டு வெடி வைப்பார்கள். பெண்கள் வெயிலில் குந்தி, விரல்களில் சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றிக்கொண்டு, சுத்தியலால் கல்லை ஜல்லியாக்குவார்கள். பிள்ளை சேலைத் தூளியில் கிடக்கும். சனிக்கிழமை இரண்டு பேர் கூலியும் கணவர் கைக்குப் போகும். மேஸ்திரியின் நோட்டில் அவர் பேர் மட்டும்தான். "நான் அந்த நோட்டுலயே இல்லம்மா."

சம ஊதியச் சட்டம் 1976இல் வந்தது. ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்றது. பேரே இல்லாதவளுக்கு எதோடு எதைச் சமப்படுத்துவது? 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலத்தில், கல்குவாரிகள் பெண்கள் குழுக்களுக்குக் குத்தகைக்கு விடப்பட்டன. அறிவொளி இயக்கத்தில் எழுத்துப் படித்த பெண்களும் அவற்றில் இருந்தார்கள். கல் அங்கேயும் அதே கல்தான், வெயிலும் அதே வெயில். கூலி வந்து சேர்ந்த கை வேறு. அந்தச் செய்தி அக்காவின் குவாரி வரை வரவில்லை.

இதையெல்லாம் மனசுக்குள் ஓட்டிக்கொண்டு நான் மௌனமாக நிற்க, அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். "அழகாத்தானே இருக்கு? எதுக்கு மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கிற?"

அவருக்குத் தண்ணீர் அன்று எதிரி. மழை பெய்து பள்ளம் நிரம்பினால் மோட்டார் வைத்து இறைக்கும் வரை வேலை இல்லை, கூலி இல்லை. "தண்ணி நின்னா அடுப்பு எரியாது. இன்னிக்குத்தான் சும்மா பாக்குறேன்." தலையைச் சரிசெய்துகொண்டு, பாறை தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுக்கச் சொன்னார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் கண் கலங்குவார், அதைப் பார்த்தபின் என் ரசனை நியாயமாகிவிடும் என்று எதிர்பார்த்துத்தான் அவரை அழைத்து வந்திருக்கிறேன். எனக்காகத் துக்கப்படுவதும் ஒரு வேலை. அதையும் கூலியில்லாமல்தான் கேட்டிருக்கிறேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்தப் போட்டோவை விரலால் பெரிதாக்கிப் பாறையையே பார்த்துக்கொண்டு வந்தார். பூந்தமல்லி நெருங்கியதும் போனை என்னிடம் கொடுத்துவிட்டுக் கேட்டார்:

"அந்த நோட்டு இப்ப யாருகிட்டம்மா இருக்கும்?"