குழந்தைப் பையும் நாளைய கவலையும்

கைக்குழந்தையோடு வெளியே கிளம்பும் பெற்றோரின் தோளில் தொங்கும் பைக்குள் இருப்பவை ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒன்றுதான்: டயாப்பர், ஈரத் துடைப்புத் தாள், அழுக்குத் துணியைச் சுற்றிவைக்க ஒரு பிளாஸ்டிக் உறை, குழந்தையைக் கிடத்தி மாற்ற ஒரு விரிப்பு, மாற்றுடை, பால்புட்டி, வெந்நீர் ஃபிளாஸ்க், கிலுகிலுப்பை, காய்ச்சலுக்குச் சொட்டு மருந்து. பல தமிழ் வீடுகளில் பழைய பருத்தி வேட்டியைக் கிழித்த துணியும், திருஷ்டிக்கு மை டப்பாவும் இவற்றோடு சேரும்.

இப்பொருள்களை மூவகையாகப் பிரிக்கலாம். பிறந்த குழந்தைக்கு நாளொன்றுக்குச் சுமார் 10 முறை டயாப்பர் மாற்ற வேண்டியிருக்கும். ஆகவே டயாப்பரும் பாலும் கட்டாயம் தேவைப்படுபவை. மாற்றுடையும் மருந்தும் தேவைப்படக்கூடியவை. மூன்றாம் வகை, எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்துவைப்பவை. பை கனப்பது பெரும்பாலும் இந்த மூன்றாம் வகையால்தான்.

வரப்போகும் தேவைக்காக இன்றே சேர்த்துவைப்பதைச் சமயங்கள் ஐயத்தோடுதான் பார்த்திருக்கின்றன. நாளைக்காகக் கவலைப்பட வேண்டாம் என்று மத்தேயு நற்செய்தியின் 6ஆம் அதிகாரம் போதிக்கிறது. அதே நூலின் 10ஆம் அதிகாரத்தில் இயேசு தம் சீடர்களை அனுப்பும்போது வழிக்குப் பைகூட எடுக்க வேண்டாம் என்கிறார். பௌத்தத் துறவிக்கு மரபு அனுமதிக்கும் உடைமைகள் எட்டு: மூன்று ஆடை, திருவோடு, இடைக்கச்சை, சவரக்கத்தி, ஊசி, நீர்வடிகட்டி. இன்று பெற்ற உணவை நாளைக்கு வைத்திருந்து உண்பதைத் துறவியர் ஒழுக்க நெறியான விநயத்தின் விதிகள் தடுக்கின்றன. சமணம் உடைமையின்மையை ஐம்பெரும் விரதங்களில் ஒன்றாக வைத்தது. இந்த அளவுகோல்களால் பார்த்தால், நிரம்பிய குழந்தைப் பை நம்பிக்கைக் குறைவின் அடையாளமா, பற்றின் அடையாளமா என்ற கேள்வி எழுகிறது.

விடை தேட, அந்த விதிகளுக்குள்ளேயே இருக்கும் விலக்குகளைப் பார்க்க வேண்டும். யாத்திராகமம் 16ஆம் அதிகாரத்தில், பாலைவனத்தில் கிடைத்த மன்னா என்ற உணவை மறுநாளைக்கு மீத்து வைத்தவர்களிடம் அது புழுத்து நாறியது. ஓய்வுநாளுக்கு முந்தைய நாளிலோ இரு மடங்கு சேர்க்கச் சொல்லப்பட்டது, அது கெடவில்லை. பைக்குத் தடை சொன்ன இயேசுவே, லூக்கா 22ஆம் அதிகாரத்தில் காலம் மாறிவிட்டதைச் சுட்டி, பை இருப்பவர் எடுத்துக்கொள்ளட்டும் என்கிறார். நோயுற்ற பௌத்தத் துறவி நெய், வெண்ணெய், எண்ணெய், தேன், வெல்லம் ஆகியவற்றை மருந்தாக 7 நாள்வரை வைத்துக்கொள்ள விநயம் இடம் தருகிறது. உடல் நலிந்த இடத்தில் சேமிப்புத் தடை தளர்கிறது. கைக்குழந்தையோ எப்போதும் பிறர் துணையை வேண்டிய நிலையில் இருக்கும் உயிர்.

யாருக்காகச் சுமக்கிறோம் என்பதும் கணக்கில் வருகிறது. உடையையும் துறந்த திகம்பரச் சமணத் துறவி மயிற்பீலியையும் நீர்க்கமண்டலத்தையும் கைவிடுவதில்லை. அமரும் இடத்திலுள்ள சிற்றுயிர்களை நோகாமல் விலக்கப் பீலி தேவை. பௌத்தத் துறவியின் வடிகட்டியும் நீரிலுள்ள உயிர்களைக் காக்கத்தான். சமண நூலான தத்துவார்த்த சூத்திரம் உடைமையை மனத்தின் பற்றால் வரையறுக்கிறது. பொருள் கையில் இருப்பது மட்டுமே அங்கே குற்றமாவதில்லை. குழந்தைப் பையில் சுமப்பவருக்கென்று இருப்பது மிகக் குறைவு. ஆனால் பெற்ற பாசமும் பற்றே என்று துறவு நெறி பதில் சொல்லும். அதனால் இந்த வாதம் பேராசைக் குற்றத்திலிருந்து பெற்றோரை விடுவிக்கிறது, பற்றிலிருந்து விடுவிப்பதில்லை.

நம்பிக்கை பற்றிய கேள்விக்குத் தென்னாட்டு வைணவம் தெளிவு தருகிறது. ஜீவன் இறைவனை அடையும் வழியைப் பற்றிய விவாதத்தில், தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியை வடகலை நெறிக்கும், தாய் வாயில் கவ்விச் செல்லும் பூனைக்குட்டியைத் தென்கலை நெறிக்கும் உவமையாகச் சொல்வார்கள். குட்டியின் முயற்சி எவ்வளவு என்பதில்தான் வேறுபாடு. தாய் சுமக்கிறாள் என்பதில் இரு தரப்புக்கும் ஐயமில்லை. கவலையை விட்டுச் சரணடை என்ற போதனை சுமக்கப்படுபவருக்கு உரியது. குழந்தையின் முன் நிற்கும் பெற்றோர் சுமப்பவர் இடத்தில் இருக்கிறார்கள்.

சமயங்கள் இறைவனைப் பேசும் முறையும் இதை உறுதிப்படுத்துகிறது. கவலை வேண்டாம் என்ற அதே மத்தேயு அதிகாரம் அதற்குச் சொல்லும் காரணம், கேட்கும் முன்பே தேவையை அறிந்த தந்தை ஒருவர் இருக்கிறார் என்பது. திருவாசகத்தின் ‘பிடித்த பத்து’ இறைவனின் பரிவை அளக்க, நேரமறிந்து ஊட்டும் தாயையே அளவுகோலாக்குகிறது. பசிக்குமுன் பாலையும் நனையுமுன் துணியையும் எடுத்து வைப்பது இந்த முன்னறிவின் மனித அளவிலான வடிவம். சமயம் சாராத தத்துவத்திலும் இதற்கு இணை உண்டு. தத்துவவாதி ஹான்ஸ் யோனாஸ் 1979இல் ஜெர்மன் மொழியில் வெளியிட்ட பொறுப்பு பற்றிய நூலில், பச்சைக் குழந்தை மூச்சுவிடுவதே தன்னைக் காக்கும் கடமையைச் சுற்றியுள்ளோர்மேல் சுமத்துகிறது என்கிறார்.

ஆனால் முன்னறிவுக்கு எல்லை உண்டு. ஹாஜராவையும் பாலகன் இஸ்மாயிலையும் மக்காப் பள்ளத்தாக்கில் விட்டுச்சென்ற இப்ராஹீம் நபி, ஒரு பை பேரீச்சம்பழமும் ஒரு தோற்பை தண்ணீரும் வைத்துச் சென்றதாக ஹதீஸ் கூறுகிறது. தண்ணீர் தீர்ந்தது. இறைவன் கைவிடமாட்டான் என்று உறுதியாக இருந்த ஹாஜராதான் ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஏழு முறை ஓடினார். பிறகு ஸம்ஸம் ஊற்று வெளிப்பட்டது. ஹஜ்ஜிலும் உம்ராவிலும் செய்யப்படும் தொங்கோட்டம் இதன் நினைவே. நம்பிக்கையும் முயற்சியும் ஒன்றையொன்று விலக்கவில்லை என்பதோடு, எந்தப் பையும் எல்லாவற்றுக்கும் போதாது என்பதையும் இந்த வரலாறு சொல்கிறது.

இந்த வெளிச்சத்தில் மூவகைப் பொருள்களின் நிலை தெளிவாகிறது. கட்டாயமானவற்றையும் தேவைப்படக்கூடியவற்றையும் எடுத்துச் செல்வது கடமை. மூன்றாம் வகையில் ஓரளவு எச்சரிக்கை நியாயம். ஆனால் அதற்கு இயல்பான முடிவு கிடையாது, அச்சம் வளர வளரப் பையும் வளரும். சமயங்கள் எச்சரித்த நாளைய கவலை குடியிருக்கும் இடம் இதுதான். நடக்கவும் கேட்கவும் தானே உண்ணவும் குழந்தை பழகப் பழக முதல் இரு வகைகளும் குறைந்துவிடும். அதன் பிறகும் பை இளைக்காமல் இருந்தால், அதில் இருப்பது குழந்தையின் தேவை அன்று, பெற்றோரின் பற்று.